குட்டைக் குழல் ரிவால்வருக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா காலமான பிறகு முறைப்படி தன் பெயருக்கு உரிமம் வாங்கிய .32 ரிவால்வர் ஒன்று அவரிடம் இருக்கிறது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது, குழல் 3 அங்குலம். டெக்சாசில் இருக்கும் அவருடைய அத்தான் சொந்தமாகத் தோட்டா நிரப்பிச் சுடுகிறவர். "குட்டைக் குழலில் கம்பெனித் தோட்டா பாதி மருந்தை வெளியே எரித்து வீணாக்கும். சீக்கிரம் எரிகிற மருந்தைப் போட்டு நாமே நிரப்பினால்தான் அடி பலமாக இருக்கும். கிறிஸ்துமசுக்கு வரும்போது தோட்டா நிரப்பும் பிரஸ்ஸும் அதில் மாட்டும் அச்சான டையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன்" என்கிறாராம். அவர் சொல்வது சரியா, இங்கே அப்படிச் செய்யலாமா, அப்பா வைத்துவிட்டுப் போன தோட்டாக்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதே, அவற்றைச் சுடலாமா என்று மூன்று கேள்விகள்.

முதலில் அத்தானுக்கு ஒரு போன் போட்டு, அந்தப் பிரஸ்ஸை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட முடியாத விஷயம் இது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 'அம்யூனிஷன்' என்றால் என்ன என்று பிரிவு 2-ல் விளக்குகிறது. முழுத் தோட்டா மட்டும் அதில் அடங்கவில்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அந்த விளக்கத்துக்குள்ளேயே வருகின்றன. அதாவது மேசையில் திருகி வைக்கும் கைப்பிரஸ், சட்டத்தின் பார்வையில் தோட்டாவேதான். வெளிநாட்டிலிருந்து அதைக் கொண்டுவர பிரிவு 10-ன்படி தனி உரிமம் வேண்டும். அத்தான் அதை டிரில் மெஷின் போல ஒரு கைக்கருவியாக நினைத்துப் பெட்டியில் போடுவார். திருவனந்தபுரம் விமான நிலையத்து ஸ்கேனரில் உட்கார்ந்திருப்பவர் அப்படி நினைக்கமாட்டார்.

அடுத்தது பிரிவு 5. அதில் தயாரிப்பது, விற்பது, மாற்றியமைப்பது, பழுது பார்ப்பது, சோதிப்பது எல்லாம் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உரிமம் தேவை. "நான் விற்கவா போகிறேன், என் துப்பாக்கிக்குத்தானே" என்ற வாதம் இங்கேதான் அடிபடுகிறது. விற்காவிட்டாலும் தயாரித்தல் தயாரித்தல்தான். உங்கள் கையில் இருக்கும் படிவம் 3 உரிமம் துப்பாக்கியையும் குறிப்பிட்ட எண்ணிக்கைத் தோட்டாவையும் வாங்க, வைத்திருக்க, கொண்டுசெல்லத் தரப்பட்டது. தோட்டா செய்யும் உரிமம் அது இல்லை. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது, பிரிவு 5-ஐ மீறித் தயாரிப்பதற்கான தண்டனையை மிகவும் கடுமையாக்கினார்கள். முன்பு குறைந்தது 3 ஆண்டு, கூடியது 7 ஆண்டு. இப்போது தொடக்கமே 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம், அபராதமும் உண்டு. ஒரு கைப்பிடித் தோட்டாவுக்கு இந்த விலை கொடுக்க யாரும் தயாராக இருக்கமாட்டார்கள். இதில் ஏதாவது சந்தேகம் இருந்தால் நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கடைக்காரர், ஓய்வு பெற்ற போலீஸ்காரர், என்னைப் போன்ற பழைய ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) யார் வாய்வார்த்தையாகச் சொன்னாலும் நீதிமன்றத்தில் அது செல்லாது.

குழலைப் பற்றியும் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். இருக்கிற குழலை அறுத்துக் குட்டையாக்குவது பிரிவு 6-ன் கீழ் தனிக் குற்றம், தண்டனை மேலே சொன்னதேதான். லேத் பட்டறைக்காரர் நண்பராக இருக்கலாம், அந்தப் பக்கமே போகவேண்டாம்.

இனி அத்தான் சொன்ன தொழில்நுட்பத்துக்கு வருவோம். அதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் பல தலைமுறையாக இந்த நம்பிக்கை சாகாமல் சுற்றிவருகிறது.

தோட்டாவுக்குள் நடப்பது இது. துப்பாக்கியின் குதிரை (சுத்தி) அடித்ததும் தோட்டாவின் அடியிலுள்ள கேப்பில் பொறி கிளம்பி, மருந்து பற்றி, வாயு பெருகுகிறது. அழுத்தம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் குண்டு குழலுக்குள் சரியாக நுழைந்துகூட இருக்காது. அரை அங்குலம், சில சமயம் அதற்கும் குறைவான தூரம்தான் நகர்ந்திருக்கும். கைத்துப்பாக்கி மருந்தின் பெரும்பகுதி முதல் ஓரிரு அங்குலத்துக்குள் எரிந்து முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் எரிந்த வாயு விரிந்து குண்டைத் தள்ளிக்கொண்டு போவதுதான். குழல் குட்டை என்றால் அந்தத் தள்ளல் பாதியில் நின்றுவிடுகிறது, வாயு இன்னும் அழுத்தத்தோடு இருக்கும்போதே குண்டு வெளியே போய்விடுகிறது. இழப்பு இதுதான். மருந்து எரியாமல் போனதால் வந்த இழப்பு இல்லை.

அப்படியானால் குழல் வாயில் தெரியும் அந்தப் பெரிய நெருப்பு? அதைப் பார்த்துத்தான் "பாதி மருந்து வெளியே எரிகிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். மருந்து எரிந்து வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய உண்டு. அவை சூடாக வெளியே வந்து காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்ததும் மறுபடி பற்றிக்கொள்கின்றன. இருட்டில் கண் கூசவைக்கும் தீப்பிழம்பு பெரும்பாலும் அதுதான். கம்பெனிக்காரர்கள் பொட்டாசியம் உப்பைச் சிறிதளவு மருந்தில் கலந்து இந்த இரண்டாவது எரிப்பை அடக்குகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை அது.

"சீக்கிரம் எரிகிற மருந்து போட்டால் குட்டைக் குழலில் வேகம் கூடும்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். ஒரு துப்பாக்கி தாங்கும் உச்ச அழுத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. சீக்கிரம் எரியும் மருந்து அந்த வரம்பைச் சட்டென்று தொட்டுவிட்டு அதே வேகத்தில் இறங்கிவிடும். மெதுவாக எரிவது உச்சத்தை எட்டிய பிறகும் சற்று நேரம் தள்ளிக்கொண்டிருக்கும். வரம்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால், நீளக் குழலில் எந்த மருந்து அதிக வேகம் தந்ததோ, பெரும்பாலும் குட்டைக் குழலிலும் அதுவே அதிக வேகம் தருகிறது. இடைவெளி மட்டும் சுருங்கும். சீக்கிரம் எரியும் மருந்துக்கு வேறு நன்மைகள் உண்டு: அளவு குறைவாகப் போதும், பின்னுதைப்பு குறையும், நெருப்பும் சத்தமும் கொஞ்சம் அடங்கும். இலக்கில் சுட்டுப் பழகுகிறவர்களுக்கு இது நல்லதுதான். ஆனால் அத்தான் பேசுவது அடியின் பலத்தைப் பற்றி. அந்த மருந்தில் அடியைக் கூட்ட வேண்டுமென்றால் அழுத்த வரம்பைத் தாண்டியே ஆகவேண்டும். குட்டைக் குழலில் போன வேகத்தை மருந்து போட்டு மீட்க முடியாது என்பதுதான் என் முடிவு.

சரி, எவ்வளவுதான் இழக்கிறோம்? உங்கள் ரிவால்வருக்கான .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் 1896-ல் வந்த தோட்டா. 98 கிரெயின், அதாவது 6.35 கிராம் ஈயக்குண்டு, 4 அங்குலக் குழலில் வினாடிக்குச் சுமார் 215 மீட்டர் வேகம் என்று அட்டவணைகள் சொல்கின்றன. 3 அங்குலத்துக்கு வந்தால் ஏறத்தாழ 10 மீட்டர் குறையும், அவ்வளவுதான். ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவிலேயே அந்த அளவு வித்தியாசம் வரலாம். அமெரிக்கத் தரநிலையில் இந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. அதைவிடப் பலமான .357 மேக்னம் என்ற தோட்டாவுக்கு அதே கணக்கு 35,000. அந்த மேக்னத்தை 4 அங்குலத்திலிருந்து 2 அங்குலக் குழலுக்குக் கொண்டுவந்தால் வினாடிக்கு 60 மீட்டருக்கும் மேல் போய்விடும். குட்டைக் குழல் பற்றி அங்கே நடக்கும் சண்டை எல்லாம் அப்படிப்பட்ட தோட்டாக்களையும் 9 மி.மீ.யையும் சுற்றித்தான். 9 மி.மீ. நம் நாட்டில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அவர்களுடைய சிக்கலை இழுத்துவந்து நம் சாதுவான .32-ல் பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இன்னொன்று, குழல் நீளத்தை அளக்கும் விதமே ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் வேறு. ரிவால்வரில், தோட்டாக்களை வைத்துச் சுழலும் உருளையான சிலிண்டரைச் சேர்க்காமல் அளக்கிறோம். பிஸ்டலில் தோட்டா உட்காரும் அறையையும் சேர்த்தே அளக்கிறோம். ஆகவே 3 அங்குல ரிவால்வரில் குண்டு ஓடும் தூரம், 3 அங்குல பிஸ்டலைவிட அதிகம். பதிலுக்கு ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி, 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை, இருக்கிறது. அந்த வழியாகக் கொஞ்சம் வாயு பக்கவாட்டில் சீறிப் போகும். அதனால்தான் இடது கையின் விரலை சிலிண்டர் முன்னால் வைக்காதே என்று பயிற்சியில் மண்டையில் அடித்துச் சொல்கிறோம்.

குட்டைக் குழல் உண்மையிலேயே கெடுப்பது குறியைத்தான். முன்குறிக்கும் பின்குறிக்கும் தூரம் குறைந்தால் கண்ணின் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகிவிடும். குழல் தன்னளவில் துல்லியமாகத்தான் சுடும். பிடித்திருக்கும் கை அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. போதாததற்கு, கம்பெனிக்காரர்கள் குறியை ஒரு குறிப்பிட்ட எடைக் குண்டுக்குத்தான் பொருத்தி அனுப்புகிறார்கள். கனமான, மெதுவான குண்டு போட்டால் அது குழலை விட்டு வெளியேறச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும்; அதற்குள் பின்னுதைப்பில் குழல் மேலே தூக்கிவிடும்; அடி மேலே போய் விழும். லேசான, வேகமான குண்டு கீழே அடிக்கும். வீட்டில் நிரப்புகிறவர் 'பலம் கூட்டினேன்' என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது குறி எங்கோ போயிருக்கும்.

அமெரிக்கக் கடைகளில் 'ஷார்ட் பேரல்' என்று அச்சடித்த பெட்டிகள் கிடைக்கின்றனவே, அது என்ன என்று அத்தான் கேட்பார். அவற்றில் முக்கியமாக மாற்றியிருப்பது குண்டு. முனையில் குழியுள்ள குண்டு, வேகம் குறைந்தாலும் விரியும்படி மென்மையாக வடிவமைக்கப்பட்டிருக்கும். கூடவே நெருப்பு குறைவாக வரும் மருந்து. இரண்டும் ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளந்து செய்தவை. நமக்குக் கிடைப்பது சாதாரண உருண்டை முனைக் குண்டு. அதில் மருந்தை மாற்றி அந்தப் பலனைக் கொண்டுவர முடியாது.

நிரப்புவதில் எனக்குள்ள உண்மையான பயம் வேறு இடத்தில் இருக்கிறது. .32 லாங் கரிமருந்துக் காலத்து வடிவம். கரிமருந்து கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளை உறையை, நிரப்பிவிடும். இன்றைய புகையற்ற மருந்தோ அதன் அடியில் கொஞ்சம் மட்டும் கிடக்கும், மீதி எல்லாம் காலி இடம். ஒரு தோட்டாவுக்குப் போகும் மருந்தின் எடை, நம் ஊர்த் தட்டார் பேச்சில் சொன்னால், ஒன்று ஒன்றரைக் குன்றிமணி. அங்கே நிரப்புகிறவர்கள் ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6.5 மில்லிகிராம் வித்தியாசத்தைக்கூட அளக்கும் தராசை வைத்துக்கொண்டு உட்காருவது இதனால்தான். பேச்சுவாக்கில் கவனம் சிதறி ஒரு கேஸில் இரண்டு முறை மருந்து விழுந்தால் வழியாது, வெளியே தெரியாது, மேலே குண்டை வைத்து அழுத்தினால் மற்றத் தோட்டாவைப் போலவே இருக்கும். அதைச் சுட்டால் சிலிண்டர் பிளந்து அதற்கு மேலே இருக்கும் பட்டை வளைந்துவிடும். ஆர்மரர் வேலையில் இருந்தவர்களுக்கு அப்படிப் பிளந்த சிலிண்டர் எப்படி இருக்கும் என்று தெரியும். பக்கத்தில் நின்றவர் கண் தப்பினால் புண்ணியம்.

எதிர்ப்பக்கத் தவறும் ஆபத்தானதுதான். மருந்து விழாமல் கேப் மட்டும் வெடித்தால் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நீளக் குழலோ குட்டைக் குழலோ, அடுத்த குண்டு அதன் மேல் போய் மோதினால் குழல் உப்பிவிடும், அல்லது கிழியும். இது கம்பெனித் தோட்டாவிலும் எப்போதாவது நேரக்கூடியதுதான். எனவே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: சத்தம் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்து கேட்டால் உடனே நிறுத்துங்கள், தோட்டாக்களை வெளியே எடுத்துவிடுங்கள், குழலின் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சத்தமே வரவில்லை என்றால் துப்பாக்கியின் வாய் பாதுகாப்பான பக்கம் பார்த்திருக்க 30 வினாடி அப்படியே பிடித்திருங்கள். ரிவால்வரில் பொறுமையில்லாமல் மறுபடி விசையை இழுத்தால், தாமதமாக வெடிக்கப்போகும் தோட்டா குழலுக்கு நேரில்லாமல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும். அது அங்கே வெடிப்பதைவிட மோசமானது எதுவுமில்லை.

காலி இடத்தால் வரும் இன்னொரு விளைவு கேட்க விநோதமாக இருக்கும். துப்பாக்கியைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்து நிமிர்த்திச் சுட்டால் மருந்து முன்பக்கம் குண்டை ஒட்டிக் கிடக்கும். மேல்நோக்கிப் பிடித்திருந்து தாழ்த்திச் சுட்டால் கேப்பை ஒட்டிக் கிடக்கும். இரண்டுக்கும் வேகம் வேறுபடும். அட்டவணையைப் பார்த்து நிரப்பி 'எனக்கு இவ்வளவு வேகம் வருகிறது' என்று சொல்கிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

எடை குறைந்த ரிவால்வர் என்றால் சிக்கல் கூடும். 2014-ல் வந்த 'நிர்பீக்' டைட்டானியம் உலோகக்கலவையில் செய்தது, எடை 500 கிராம்தான். துப்பாக்கி லேசானால் பின்னுதைப்பு கடுமை. ஒரு தோட்டா வெடிக்கும்போது சிலிண்டரில் மீதியிருக்கும் தோட்டாக்களும் சேர்ந்து பின்னால் இழுபடுகின்றன. அவற்றின் குண்டுகளோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கின்றன. கேஸின் வாய் குண்டை இறுக்கிப் பிடித்திருக்காவிட்டால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்து, சிலிண்டருக்கு வெளியே தலைநீட்டி, சுழலவிடாமல் பூட்டிவிடும். தற்காப்புக்கென்று வைத்திருக்கும் ஆயுதம் இரண்டாவது குண்டோடு நின்றுபோகும். தொழிற்சாலையில் அந்த இறுக்கத்தை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது.

நம் மாவட்டத்துக்கு மட்டுமே உரிய ஒரு எச்சரிக்கையும் உண்டு. கோயில் திருவிழாவிலும் தேவாலயப் பெருநாளிலும் கதினா வெடி போடுகிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். "மருந்துக்கா பஞ்சம்?" என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். அந்த மருந்து இதற்கு ஆகாது. வெடிக்கட்டுகாரரின் கரிமருந்து அளவு முன்பின் ஆனாலும் தடித்த இரும்புக் குழாய் தாங்கிக்கொள்ளும்; கண்ணளவு, கையளவு எல்லாம் அங்கே செல்லும். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்காக உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தாரே, அதுவும் அதே கரிமருந்து உலகம்தான். பட்டாசில் போடும் பளிச்சிடும் மருந்தோ அதைவிட மோசம், அது எரிவதில்லை, வெடிக்கிறது. அதை ரிவால்வர் கேஸில் வைப்பது கைக்குண்டைக் கையில் பிடித்துக்கொள்வதுதான். துப்பாக்கிக்கான புகையற்ற மருந்தைச் செய்வது தனித் தொழில். அதைத் தமிழ்நாட்டிலேயே செய்கிறார்கள். நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை 1903-லிருந்து இந்த வேலையில்தான் இருக்கிறது. நமக்குக் கடையில் கிடைக்கும் .32 தோட்டா புனேயை அடுத்த கட்கியில் 1869-ல் தொடங்கிய ஆலையிலிருந்து வருகிறது, கேஸின் அடியில் 'கே.எஃப்.' என்ற முத்திரை இருக்கும். 2021 அக்டோபர் 1-ல் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, அருவங்காடும் கட்கியும் முனிஷன்ஸ் இந்தியா என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. கட்கித் தோட்டாவைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. சில குறைகள் நியாயம்தான். ஆனாலும் அழுத்தம் சோதித்து வந்த ஒரு தோட்டாவை நம் வீட்டு மேசையில் வைத்துச் செய்ததோடு ஒப்பிடமாட்டேன்.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். .32 என்ற ஒரே எண்ணில் கடையில் இரண்டு தோட்டா இருக்கின்றன. ரிவால்வருக்கானது .32 லாங். பிஸ்டலுக்கானது 1899-ல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த .32 ஏ.சி.பி., குண்டு 71 கிரெயின். உச்ச அழுத்தம் 20,500 பவுண்டு, அதாவது உங்கள் ரிவால்வர் எதிர்பார்ப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட. கட்டையாக இருப்பதால் அது ரிவால்வர் சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்தும்விடும். உள்ளே போகிறது என்பதற்காகச் சுடலாம் என்று ஆகாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

களிம்பு விஷயத்துக்கு வருகிறேன். குமரி மாவட்டத்தில் தோட்டா வைத்திருக்கும் எவருக்கும் மருந்து, குழல் நீளம் இவற்றைவிட இதுதான் பெரிய பிரச்சினை.

நமக்கு இரண்டு பருவமழை. தோட்டம் மலையடியில் இருந்தாலும் காற்றில் ஈரம் குறைவதே இல்லை; கடலோரம் என்றால் உப்பும் சேரும். பெரும்பாலான வீடுகளில் தோட்டாவைத் தோல் பெல்ட்டின் வளையங்களில் செருகி அலமாரியில் தொங்கவிட்டிருப்பார்கள். தோலைப் பதப்படுத்திய அமிலங்களும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். மேலோட்டமான களிம்பு என்றால் உலர்ந்த துணியால் துடைத்தால் போய்விடும், அடியில் பித்தளை வழுவழுப்பாக இருக்கும். துடைத்த பிறகு குழி தெரிந்தால், வாய்ப்பக்கம் நகக்கீறல் போல நீளவாக்கில் வெடிப்பு இருந்தால், கேப் பக்கம் பச்சை ஊறியிருந்தால் அந்தத் தோட்டா முடிந்தது.

அந்த வெடிப்புக்கு ஒரு கதை இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் யாரும் தொடாமலே கேஸ்களில் விரிசல் விழுந்திருந்தது. காரணம் நீண்ட காலம் புரியவில்லை. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்கள்: குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியா, ஈரம், இழுத்து வடித்த பித்தளைக்குள் தங்கியிருந்த உள்ளிறுக்கம் மூன்றும் சேர்ந்ததால் வந்த வினை.

இப்போது உங்கள் தோட்டத்துப் புரையை (கொட்டகையை) நினைத்துப் பாருங்கள். ரப்பர் பால் உறையாமல் இருக்க என்ன ஊற்றுகிறோம்? அம்மோனியா. கேன் திறந்ததும் கண் எரியும் அந்த வாடை பித்தளைக்கு நஞ்சு. ஷீட் அடிப்பதற்குப் பாலை உறையவைக்க ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டும் உலோகத்துக்கு நல்லதில்லை. பன்றி வரும், ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று சொல்லித் துப்பாக்கியையும் தோட்டாவையும் அந்தப் புரையிலேயே பூட்டி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டு பலமாக இருந்தாலும் உள்ளே காற்று அதே காற்றுதான். தோட்டா வீட்டுக்குள் இருக்கட்டும், புகைப்புரை, மாட்டுத்தொழுவம், உர மூட்டை எல்லாவற்றுக்கும் தள்ளி. பளபளப்பாக இருக்கட்டும் என்று குத்துவிளக்குத் துலக்கும் திரவத்தைத் தோட்டாவில் தேய்க்கவேண்டாம், அப்படிப்பட்ட பாலிஷ் சிலவற்றில் அம்மோனியா உண்டு. காலி கேஸைச் சேர்த்துவைத்து மறுபடி நிரப்பலாம் என்ற ஆசைக்கு நம் ஊர்க் காற்றே எதிரி என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒருமுறை சுடப்பட்டு விரிந்து, மறுபடி டையில் இறுக்கப்பட்ட பித்தளைதான் இந்த விரிசலுக்கு முதலில் இலக்காகும்.

வைக்கும் முறை எளிது. கம்பெனி அட்டைப்பெட்டியோடு, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் சேர்த்து வையுங்கள். மழைக்கு முன் பொட்டலத்தை மாற்றுங்கள். தோட்டாவில் எண்ணெய் தடவாதீர்கள்; துருநீக்கும் ஸ்ப்ரே கேப்புக்குள் இறங்கி அதைச் செத்ததாக்கிவிடும். வெயில் நேரே விழும் ஜீப் டாஷ்போர்டில் கிடக்கவும் விடாதீர்கள். புகையற்ற மருந்து நைட்ரோசெல்லுலோஸ். அது தானாகவே மெல்லச் சிதையும், சூடு அதைத் துரிதப்படுத்தும். சிதைவைத் தடுக்கச் சேர்த்திருக்கும் பொருள் தீர்ந்ததும் அமில வாயு கிளம்பி, கேஸை உள்ளிருந்து தின்னத் தொடங்கும். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே கெட்டுப்போன தோட்டாவும் உண்டு என்று சொல்வது இதனால்தான்.

பலம் வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் புதுத் தோட்டாவும் பழக்கமும்தான். உரிமத்தில் எழுதியிருக்கும் ஆண்டு ஒதுக்கீட்டை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நம்மிடம் அதிகம். அதை ஆண்டுதோறும் வாங்கி, பழையதை ரைஃபிள் கிளப்பில் முறையாகச் சுட்டுத் தீர்த்து, புதியதை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். டம்மி தோட்டா போட்டு விசை இழுத்துப் பழகுங்கள்; 3 அங்குலக் குழலில் தவறும் அடிகளில் பெரும்பாலானவை விசையை வெடுக்கென்று இழுப்பதால் வருபவை. அத்தான் ஏதாவது கொண்டுவந்தே தீருவேன் என்றால் நல்ல காதுமூடி கேளுங்கள். குட்டைக் குழலின் சத்தம் சுடுகிறவர் காதுக்கு நீளக் குழலைவிட மோசம். போன கேட்கும் திறன் திரும்பாது. தோட்டத்தில் பன்றி விரட்டவும் கல்யாண வீட்டில் மகிழ்ச்சிக்கும் சுடுவதை விட்டுவிடுங்கள். 2019 திருத்தத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்குச் சுடுவதும் தண்டனைக்குரியதாகிவிட்டது, 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

அப்பாவின் தோட்டாக்களை முதலில் எண்ணி, உங்கள் உரிமத்தில் உள்ள கணக்கோடு ஒத்துப்பாருங்கள். துடைத்துச் சுத்தமானவற்றைத் தனியாகப் பிரியுங்கள். அவற்றையும் தற்காப்புக்கு நம்பவேண்டாம், பயிற்சிக்கு மட்டும். குழி, வெடிப்பு, கேப்பில் பச்சை இருப்பவற்றைக் கிணற்றில் போடுவதோ தீயில் போடுவதோ மண்ணில் புதைப்பதோ கூடாது. குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிப் பார்க்கும் ஆர்வமும் வேண்டாம். ஒரு கடிதம் எழுதி, எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, உங்கள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி உரிமப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.